தீவிர சிகிச்சையில் வைட்டமின் டி: அளப்பதா, கொடுப்பதா, விடுவதா?

தீவிர சிகிச்சைப் பிரிவில் இரண்டாம் நாள். ரத்தப் பரிசோதனை அறிக்கையில் 25-ஹைட்ராக்சி வைட்டமின் டி (உடலின் சேமிப்பைக் காட்டும் வடிவம்) மில்லிலிட்டருக்கு 11 நானோகிராம் என்று வருகிறது. நோயாளி வெண்டிலேட்டரில் இருக்கிறார், ரத்த அழுத்தத்தைத் தாங்க நார்அட்ரினலின் ஓடுகிறது, சிறுநீர் குறைந்துவிட்டது. பெரிய அளவில் ஒரே தடவையாக வைட்டமின் டி கொடுக்கலாமா, தினசரி சிறு அளவு போதுமா, அல்லது இந்த எண்ணை இப்போதைக்கு ஒதுக்கிவைக்கலாமா? அதற்கும் முன்னால் நிற்கும் கேள்வி, இந்தப் பரிசோதனையை எழுதியிருக்கவே வேண்டுமா என்பது.

இந்த முடிவு பிரிவுக்குப் பிரிவு மாறுகிறது. சில இடங்களில் சேர்க்கையன்றே எல்லோருக்கும் அளக்கிறார்கள், சில இடங்களில் யாருக்கும் அளப்பதில்லை. இரண்டுமே யோசிக்காமல் தொடரும் பழக்கங்கள் என்பது எங்கள் கருத்து. ஒவ்வொரு வழியும் எதைத் தருகிறது, எங்கே சறுக்குகிறது என்று பார்த்தால் நடுவில் ஒரு வழி தெளிவாகவே தெரியும்.

குறைந்த எண் எதைச் சொல்கிறது

அளவு குறைவாக இருப்பவர்களுக்கு நோயின் கடுமையைக் கணிக்கும் அப்பாச்சி, சோஃபா மதிப்பெண்கள் கூடுதலாக இருப்பதும், தொற்றும் இறப்பும் அவர்களிடம் அதிகமாக இருப்பதும் பல கண்காணிப்பு ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரிந்த உண்மை. அதைப் படித்தவுடன் ‘குறைபாட்டைச் சரிசெய்தால் நோயின் கடுமை குறையும்’ என்று மனம் தாவுகிறது. அந்தத் தாவலில்தான் சிக்கல்.

வயது முதிர்ந்தவர், பல மாதமாக வீட்டுக்குள்ளேயே முடங்கியவர், உடல் பருமன் உள்ளவர், நாள்பட்ட சிறுநீரக நோயோ கல்லீரல் நோயோ உள்ளவர், சரியாகச் சாப்பிடாதவர் ஆகிய எல்லோருக்கும் வைட்டமின் டி குறைவாகவே இருக்கும். இவர்கள் எந்தக் கடும் நோயையும் தாங்கும் சக்தி குறைந்தவர்களும்கூட. ஆக, அந்த எண் அவர்களின் முந்தைய உடல்நிலையைச் சுருக்கிச் சொல்லும் ஓர் அடையாளமாக இருக்கலாம். காரணமாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

இரண்டாவது சிக்கல், கடும் நோயே இந்த அளவைக் கீழே இழுக்கிறது. ரத்தத்தில் ஓடும் 25-ஹைட்ராக்சி வைட்டமினில் 85 முதல் 90 சதவீதம் அதற்கென்றே உள்ள பிணைப்புப் புரதத்தோடும், மீதியில் பெரும்பகுதி அல்புமின் என்ற ரத்தப் புரதத்தோடும் ஒட்டியிருக்கிறது. தனித்து உலவுவது 1 சதவீதத்துக்கும் குறைவு. தொற்றால் உறுப்புகள் பாதிக்கப்படும் செப்சிஸ் நிலையில் ரத்த நுண்குழாய்கள் கசியும்போது இந்தப் புரதங்கள் வெளியேறுகின்றன. அழற்சியில் கல்லீரல் அல்புமின் தயாரிப்பைக் குறைத்துக்கொள்கிறது. அதற்கு மேல் முதல் ஆறு மணி நேரத்தில் மூன்று, நான்கு லிட்டர் திரவம் ஏற்றுகிறோம். மொத்த அளவு சரிய இவ்வளவே போதும். நோயே இல்லாமல் திட்டமிட்டுச் செய்யும் முழங்கால் மாற்று அறுவைக்குப் பிறகுகூட, இரண்டே நாளில் இந்த அளவு சுமார் 40 சதவீதம் இறங்கியதை ஓர் ஆய்வு காட்டியது. இதய-நுரையீரல் இயந்திரத்தில் வைத்து அறுவை செய்தவர்களிடமும் இதே சரிவு உண்டு. 25-ஹைட்ராக்சி வடிவத்தின் அரை ஆயுள் இரண்டு, மூன்று வாரம். எனவே இரண்டு நாளில் நடக்கும் சரிவை, சத்து தீர்ந்துபோனதால் வந்தது என்று கொள்ள முடியாது.

ஆகவே திரவம் ஏற்றிய பிறகு எடுத்த மாதிரியில் 17 என்று வந்தால், நோய்க்கு முன் அவருக்கு 24 இருந்திருக்கலாம். அதே மாதிரியில் 6 என்று வந்தால் கதை வேறு. திரவமும் அழற்சியும் மட்டும் சேர்ந்து யாரையும் 6-க்கு இறக்கிவிடாது, அங்கே முன்பே உண்மையான குறைபாடு இருந்திருக்கிறது. எல்லைக்கோட்டு எண்களைச் சந்தேகியுங்கள், மிகத் தாழ்ந்த எண்களை நம்புங்கள். இந்தக் கட்டுரையில் வரும் முடிவுகள் பெரும்பாலும் இதிலிருந்தே பிறக்கின்றன.

அலகையும் இங்கேயே சரிபார்த்துவிடுவோம். ஒரு மில்லிலிட்டருக்கு 1 நானோகிராம் என்பது ஒரு லிட்டருக்கு 2.5 நானோமோல். 20 நானோகிராமுக்குக் கீழே குறைபாடு, 12-க்குக் கீழே கடும் குறைபாடு என்று பெரும்பாலோர் கொள்கிறார்கள். நானோமோலில் அவை 50, 30. அறிக்கையில் வெறுமனே ‘25’ என்று இருந்தால், நானோகிராமில் அது போதுமான அளவு, நானோமோலில் கடும் குறைபாடு. வேறு மருத்துவமனையிலிருந்து மாற்றலாகி வருபவரின் தாளில் இந்தக் குழப்பம் சர்வசாதாரணம்.

கொடுத்துப் பார்த்த ஆய்வுகள்

முடிவைத் தாங்கி நிற்பவை முக்கியமாக இரண்டு ஆய்வுகள்.

முதலாவது ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில் நடந்து 2014-ல் ஜாமா இதழில் வந்த விட்டால்-ஐசியு. அளவு 20 அல்லது அதற்குக் கீழே இருந்த 492 பேரைச் சேர்த்து, பாதிப் பேருக்கு வாய் வழியாகவோ மூக்குக் குழாய் வழியாகவோ 5,40,000 அலகு (மருந்தளவைக் குறிக்கும் சர்வதேச அலகு, ஐயூ) டி3, அதாவது வைட்டமின் டி-யின் வழக்கமான மருந்து வடிவம், ஒரே தடவையாகக் கொடுத்தார்கள். பிறகு ஐந்து மாதங்களுக்கு மாதம் 90,000 அலகு. அவர்கள் முதன்மையாக அளந்தது மருத்துவமனையில் தங்கிய நாட்கள். அதில் வித்தியாசம் இல்லை, 20.1 நாளும் 19.3 நாளும். மருத்துவமனை இறப்பு 28.3 சதவீதம், மறுதரப்பில் 35.3 சதவீதம். இந்த இடைவெளி புள்ளியியல் முறைப்படி உறுதியாகவில்லை. ஆனால் 12 அல்லது அதற்குக் கீழே இருந்த 200 பேரைத் தனியே பார்த்தபோது, டி3 பெற்ற 98 பேரில் 28 பேரும், பெறாத 102 பேரில் 47 பேரும் மருத்துவமனையில் இறந்திருந்தார்கள். கண்ணை ஈர்க்கும் வித்தியாசம் இது. இந்த உட்பிரிவு முன்கூட்டியே திட்டமிடப்பட்டதுதான். என்றாலும் முதன்மைக் கேள்விக்கு ‘இல்லை’ என்று பதில் வந்த ஓர் ஆய்வில் உட்பிரிவு தருவது மேலும் ஆராய வேண்டிய ஒரு தடயம், அதை ஆதாரமாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

இரண்டாவது, 2019-ல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்த அமெரிக்க ஆய்வான வயலெட். பல மருத்துவமனைகளில் 1,360 பேரைச் சேர்த்தார்கள். அவர்களில் 20-க்குக் கீழே என்று உறுதியான 1,078 பேரை வைத்து முதன்மை முடிவைப் பார்த்தார்கள். அதே 5,40,000 அலகு, ஒரே தடவை. தீவிர சிகிச்சையில் சேர்க்க முடிவெடுத்த சில மணி நேரத்திலேயே கொடுத்தார்கள். மூன்றாம் நாள் ரத்த அளவு சராசரியாக 46.9-க்கு ஏறியது, மருந்து பெறாதவர்களிடம் 11.4. எனவே ‘மருந்து உள்ளே போகவில்லை’ என்ற சாக்கு இங்கே எடுபடாது. 90 நாள் இறப்பு டி3 பெற்றவர்களிடம் 23.5 சதவீதம், பெறாதவர்களிடம் 20.6. பயன் தெரிய வாய்ப்பில்லை என்று இடைக்கணிப்பிலேயே ஆய்வை நிறுத்திவிட்டார்கள். கடும் குறைபாடு இருந்தவர்களிடமும் பலன் தனியாகத் தெரியவில்லை.

இரண்டும் முரண்படுவதுபோலத் தெரிந்தாலும், இரண்டும் ஒரே கேள்வியைக் கேட்கவில்லை. கிராட்ஸில் மாதாந்திரத் தொடர் அளவு இருந்தது, அமெரிக்காவில் இல்லை. கிராட்ஸில் அறுவை, நரம்பியல் நோயாளிகளும் கலந்திருந்தார்கள், அமெரிக்காவில் பெரும்பாலும் நிமோனியா, செப்சிஸ் என்று நுரையீரல் பாதிப்புக்கு வாய்ப்புள்ளவர்கள். இந்த இடைவெளியை நிரப்பத்தான் ஐரோப்பாவில் 2,400 பேரை இலக்காக வைத்து விட்டலைஸ் ஆய்வை வடிவமைத்தார்கள். 12-க்குக் கீழே உள்ளவர்கள் மட்டும், 5,40,000 அலகு, அதன்பின் 90 நாள் தினமும் 4,000 அலகு.

கோவிட் காலத்தில் பிரேசிலில் 240 பேருக்கு நடந்த ஆய்வில் 2,00,000 அலகு ஒரே தடவை கொடுத்தும் மருத்துவமனையில் தங்கும் நாள் குறையவில்லை. ஸ்பெயினில் 76 பேரை மட்டும் வைத்து நடந்த சிறு ஆய்வில் கால்சிஃபெடியால் (25-ஹைட்ராக்சி வடிவமே மருந்தாக) பெற்ற 50 பேரில் ஒருவரும், பெறாத 26 பேரில் 13 பேரும் தீவிர சிகிச்சைக்குப் போனார்கள் என்று வந்தது. எண்கள் மிரள வைத்தாலும் யாருக்கு எது என்பது மறைக்கப்படவில்லை, இரு தரப்பும் ஆரம்பத்தில் சமமாகவும் இல்லை. அந்த ஆய்வை வைத்து மட்டும் சிகிச்சை முறையை மாற்றுவது தவறு.

இவ்வளவையும் சேர்த்துப் பார்த்தால் எங்களுக்குத் தோன்றுவது இதுதான். 12-க்கும் 20-க்கும் இடையில் இருப்பவருக்குப் பெரிய அளவு கொடுப்பதால் உயிர் காக்கும் பயன் இல்லை, அதை உறுதியாகவே சொல்லலாம். 12-க்குக் கீழே கதவு இன்னும் முழுதாக மூடவில்லை.

முதல் வழி: அளக்காமல், தினசரி அளவை மட்டும் உறுதிசெய்வது

எளிமையான வழி, பல பிரிவுகளுக்கு இதுவே போதும். தினம் 600 முதல் 800 அலகு எல்லோருக்கும் சேர்கிறதா என்று பார்ப்பது. கேட்க எளிது, நடைமுறையில் அடிக்கடி தவறுகிறது. குழாய் வழி உணவு முழு அளவில், அதாவது ஒரு நாளைக்கு 1,500 கிலோகலோரி அளவில் போனால்தான் புட்டியில் எழுதியிருக்கும் வைட்டமின் முழுதாகச் சேரும். ஸ்கேனுக்கு நிறுத்தினோம், குழாய் மாற்றினோம், வாந்தி என்று நிறுத்தினோம் என்று பாதி அளவே போகும் நாட்களில் வைட்டமினும் பாதியே. நரம்பு வழி உணவு பெறுபவருக்குச் சேர்க்கும் பல்வைட்டமின் குப்பியில் பொதுவாக 200 அலகு அளவுதான் இருக்கும். அதையும் பையில் சேர்க்க மறந்தால் அதுவும் இல்லை.

இந்த வழியின் வரம்பு வெளிப்படையானது. தினம் 100 அலகு கூட்டினால் ரத்த அளவு 1 நானோகிராம் அளவுக்கு ஏறும், அதுவும் நிலைபெற மூன்று மாதம் போலப் பிடிக்கும். ஆக, 7 என்று இருப்பவரை 800 அலகு கொண்டு தீவிர சிகிச்சைக்குள் சரிசெய்ய முடியாது. இங்கே நோக்கம் மேலும் சரியாமல் காப்பது மட்டுமே. நான்கைந்து நாளில் வார்டுக்குப் போகப்போகிறவருக்கு அதற்கு மேல் தேவையும் இல்லை.

இரண்டாம் வழி: எல்லோருக்கும் அளப்பது

இதை நாங்கள் பரிந்துரைக்கவில்லை. பெரும்பாலோருக்கு 20-க்குக் கீழேதான் வரும் என்பது அளக்கும் முன்பே தெரியும். வந்த எண்ணில் பெரும்பகுதி 12-க்கும் 20-க்கும் இடையில் விழும், அங்கே செய்யப் பயனுள்ளது எதுவும் இல்லை. ஆனால் தாளில் சிவப்பு எழுத்தில் ‘குறைவு’ என்று இருந்தால் யாராவது ஒருவர் மருந்து எழுதியே தீருவார். பரிசோதனை முறையும் முழு நம்பகமானதல்ல. நோயெதிர்ப்பு முறையில் அளக்கும் கருவிகள், பிணைப்புப் புரதம் சரிந்திருக்கும் ரத்தத்தில் தடுமாறுகின்றன. நிறமாலை முறை இதைவிடத் துல்லியம், ஆனால் பல இடங்களில் முடிவு வர நாளாகும். ஒரே ரத்தத்தை இரண்டு முறைகளில் அளந்து 11 என்றும் 14 என்றும் வந்தால் வியப்பில்லை. 12 என்ற கோட்டை வைத்து முடிவெடுக்கும்போது இது சின்ன விஷயமும் இல்லை.

வைட்டமினின் செயல் வடிவமான 1,25-டைஹைட்ராக்சியை அளந்து ‘குறைபாடு’ என்று முடிவு கட்டுவது இதைவிட மோசமான தவறு. அதன் அரை ஆயுள் சில மணி நேரம்தான். உடலில் சேமிப்பு எவ்வளவு என்பதை அது காட்டாது. கால்சியத்தைச் சீராக்கும் பாராதைராய்டு ஹார்மோன் ஏறியிருந்தால், சேமிப்பு வற்றியிருக்கும்போதும் அது சாதாரணமாகவே வரும். பரிசோதனைத் தாளில் இரண்டு பெயரும் அடுத்தடுத்து இருப்பதால் தவறானதில் குறி விழுந்துவிடுகிறது.

மூன்றாம் வழி: தேர்ந்து அளப்பது

எங்கள் வாக்கு இதற்கே. முன்பே குறைபாடு இருந்திருக்கும் என்று சந்தேகிக்கக் காரணம் உள்ளவரிடமும், ஒரு வாரத்துக்கு மேல் தங்குவார் என்று தோன்றுபவரிடமும் அளப்பது.

காரணம் என்றால் எது? வலிப்பு மருந்துகளான ஃபெனிடாயின், கார்பமசெபின், ஃபீனோபார்பிட்டால், காசநோய் மருந்தான ரிஃபாம்பிசின் போன்றவை வைட்டமினைச் சிதைக்கும் நொதிகளைத் தூண்டிவிடுகின்றன. கொழுப்பு உறிஞ்சாத நிலைகளான கணையப் பற்றாக்குறை, பித்தத் தேக்கம், எடைக்குறைப்பு அறுவை ஆகியவை ஒரு பக்கம். நெஃப்ரோடிக் நோயில் பிணைப்புப் புரதமே சிறுநீரில் போய்விடுகிறது. பரந்த தீக்காயத்தின் வடுத்தோல் வைட்டமினைச் சரிவரத் தயாரிப்பதில்லை. நீண்டநாள் படுக்கை, இடுப்பெலும்பு முறிவு, காரணம் தெரியாத கால்சியம் குறைவு, தசை பலவீனத்தால் வெண்டிலேட்டரிலிருந்து விடுபட முடியாமல் இழுத்துக்கொண்டிருப்பவர் ஆகியோரையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எப்போது எடுப்பது? முடிந்தால் சேர்க்கையின்போது, பெரிய அளவில் திரவம் ஏறும் முன் எடுத்த முதல் ரத்தத்திலேயே சேர்த்துக் கேட்பது நல்லது. அந்த வாய்ப்பு போய்விட்டால், மாதிரி எடுத்த நேரத்தையும் அதுவரை ஏறிய திரவத்தையும் குறிப்பில் எழுதிவையுங்கள். கூடவே அயனியாக்கப்பட்ட (புரதத்தில் ஒட்டாமல் தனித்து உலவும்) கால்சியம், மெக்னீசியம், பாஸ்பேட், கிரியேட்டினின் ஆகியவற்றையும் பாருங்கள். மெக்னீசியம் குறைவாக இருந்தால் பாராதைராய்டு ஹார்மோன் சுரப்பதும், அது எலும்பில் வேலை செய்வதும் தடைபடும். மெக்னீசியத்தைச் சரிசெய்யாமல் வைட்டமினையும் கால்சியத்தையும் மட்டும் ஊற்றிக்கொண்டிருந்தால் கால்சியம் ஏற மறுக்கும்.

நான்காம் வழி: பெரிய அளவு, ஒரே தடவை

ஐரோப்பிய ஊட்டச்சத்துச் சங்கமான எஸ்பெனின் 2019 வழிகாட்டுதல், அளவு குறைவு என்று அளந்து தெரிந்தவருக்குச் சேர்க்கையின் முதல் வாரத்துக்குள் 5,00,000 அலகு டி3 ஒரே தடவையாகக் கொடுக்கலாம் என்கிறது. ‘கொடுக்கலாம்’ என்றுதான் இருக்கிறது, ‘கொடுக்க வேண்டும்’ என்று இல்லை. அதைக் கட்டாயமாக மாற்றி நெறிமுறைத் தாளில் அச்சடிக்க வேண்டாம்.

நாங்கள் இதை வைத்துக்கொள்ளும் இடம் குறுகியது. அளவு 12-க்குக் கீழே இருக்க வேண்டும், முன்பே குறைபாட்டுக்குக் காரணம் தெரிய வேண்டும், குடல் வேலை செய்ய வேண்டும், கால்சியம் ஏறியிருக்கக் கூடாது. அயனியாக்கப்பட்ட கால்சியம் லிட்டருக்கு 1.35 மில்லிமோலைத் தாண்டியிருந்தால் கொடுக்காதீர்கள். அல்புமினை வைத்துத் திருத்திய மொத்தக் கால்சியம் தீவிர சிகிச்சையில் ஏமாற்றும். ரத்த வாயுக் கருவியிலேயே வரும் அயனி அளவை நம்புங்கள். சார்காய்டோசிஸ், லிம்ஃபோமா, முதன்மைப் பாராதைராய்டு மிகைச் சுரப்பு, சிறுநீரகக் கல் இருப்பவர்களையும் விலக்குங்கள். காசநோயில் இருபக்கச் சிக்கல் உண்டு. ரிஃபாம்பிசின் வைட்டமினைக் குறைக்கும், காசநோயின் அழற்சிக் கட்டியான கிரானுலோமாவோ சிறுநீரகத்துக்கு வெளியே வைட்டமினைத் தன்னிச்சையாகச் செயல் வடிவமாக மாற்றிக் கால்சியத்தை ஏற்றிவிடும். தாழ்ந்த எண்ணைப் பார்த்துப் பெரிய அளவு ஊற்றி ஆபத்தில் மாட்டும் இடம் இது. இதய மருந்தான டிஜாக்சின் வாங்குபவருக்குக் கால்சியம் ஏறுவது இதயத் துடிப்புக்குக் கூடுதல் ஆபத்து.

இனி கொடுக்கும் முறை. 5,40,000 அலகு என்பது 13.5 மில்லிகிராம், 40 அலகுக்கு 1 மைக்ரோகிராம் என்ற கணக்கில். 60,000 அலகு வடிவம் கிடைத்தால் ஒன்பது. கிராட்ஸ் ஆய்வில் இதை 45 மில்லிலிட்டர் எண்ணெயில் கரைத்துக் கொடுத்தார்கள். எண்ணெய் பிளாஸ்டிக்கில் ஒட்டும் என்பதை நினைவில் வையுங்கள். மென்குப்பியை (எண்ணெய் நிரப்பிய ஜெலட்டின் உறையை) ஊசியால் குத்தி எடுத்தால் ஒவ்வொன்றிலும் கொஞ்சம் தங்கிவிடும், ஒன்பதில் சேர்த்துப் பார்த்தால் இழப்பு கணிசம். கிடைத்தால் திரவ வடிவத்தையே கேளுங்கள். முதலில் குழாயின் முனை வயிற்றில் இருப்பதை உறுதிசெய்து, உணவை நிறுத்தி, 20 முதல் 30 மில்லிலிட்டர் நீரால் குழாயைக் கழுவுங்கள். மருந்தை மெதுவாகத் தள்ளுங்கள். காலியான சிரிஞ்சில் வெதுவெதுப்பான நீரை இழுத்து, குலுக்கி, அதையும் உள்ளே செலுத்துங்கள். மறுபடியும் கழுவுங்கள். குழாய் வயிற்று நீர் வடிப்பதற்காகத் திறந்து விடப்பட்டிருந்தால், கொடுத்த பிறகு ஒரு மணி நேரமாவது மூடி வையுங்கள். இல்லாவிட்டால் மருந்து வடிபையில்தான் போய்ச் சேரும். உணவுப் பையில் கலந்து விடுவதும் வீண். எண்ணெய் மேலே மிதந்து பையின் சுவரில் படியும், பாதி உணவில் நிறுத்தினால் எவ்வளவு போயிற்று என்று யாருக்கும் தெரியாது.

எல்லோரும் ஒரே மாதிரி உறிஞ்சுவதில்லை. வயிறு அசைவற்றுப்போன, பெருமளவு எச்சம் தேங்கும் நோயாளியிடம் மூன்றாம் நாள் அளவு ஏறாமலே இருக்கும். அப்போது உடனே இரண்டாவது பெரிய அளவு கொடுக்காதீர்கள். குடல் இயங்கத் தொடங்கும்வரை காத்திருந்து, மறுபடி அளந்து, பிறகு முடிவெடுங்கள். கொடுத்த முதல் வாரம் அயனிக் கால்சியத்தைத் தினம் பாருங்கள், பிறகு வாரம் இருமுறை. இந்தச் சத்து கொழுப்பில் தங்கி வாரக்கணக்கில் கசியும். கால்சியம் மூன்றாம் வாரத்தில் ஏறினாலும் காரணம் முதல் நாள் கொடுத்ததாக இருக்கலாம். நீண்டநாள் அசையாமல் படுத்திருப்பவரின் எலும்பு கரைந்தும் கால்சியம் ஏறும், இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும். அப்படி ஏறிய கால்சியத்துக்கு, எலும்புக் கரைவைத் தடுக்கும் பாமிட்ரோனேட், சோலிட்ரோனிக் அமிலம் போன்றவற்றை எழுதும் முன் வைட்டமின் டி அளவைப் பாருங்கள். கடும் குறைபாட்டோடு அவற்றைக் கொடுத்தால் கால்சியம் அதலபாதாளத்துக்கு இறங்கும்.

பெரிய அளவைத் தொடர்ந்து தினமும் 2,000 முதல் 4,000 அலகு கொடுப்பது, ஒரே ஊற்றலோடு விடுவதைவிடச் சரியாகப் படுகிறது. வருடத்துக்கொருமுறை 5,00,000 அலகு பெற்ற முதிய பெண்களிடம் விழுதலும் எலும்பு முறிவும் கூடியதை 2010-ல் வந்த ஆஸ்திரேலிய ஆய்வு காட்டியது. அவர்கள் தீவிர சிகிச்சை நோயாளிகள் அல்லர். ஆனாலும் மிகப் பெரிய அளவு எந்தக் கெடுதலும் செய்யாது என்ற நினைப்பை அது உடைத்துவிட்டது.

மற்ற வடிவங்கள்

தசையில் போடும் ஊசி சுருக்குவழி போலத் தெரியும். தீவிர சிகிச்சையில் அது மோசமான தேர்வு. அதிர்ச்சி நிலையில் தசைக்கு ரத்த ஓட்டம் குறைவு, எண்ணெய் மருந்து அங்கேயே கிடந்து வாரங்கள் கழித்துத்தான் முழுதாகக் கரையும். ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஹெப்பாரினில் இருப்பவரிடமும் தட்டணு குறைந்தவரிடமும் ரத்தக்கட்டு வரும். குடல் முற்றிலும் வேலை செய்யாது, குறைபாடோ கடுமையானது, தங்குவதோ பல வாரம் என்ற நிலையில் மட்டும் யோசிக்கலாம்.

கால்சிஃபெடியால் கல்லீரலின் முதல் படியைத் தாண்டி வருவது, வேகமாக ரத்த அளவை ஏற்றுவது, கொழுப்பு உறிஞ்சாத குடலிலும் ஓரளவு நன்றாகவே உள்ளே போவது. பித்தத் தேக்கம் உள்ளவருக்குத் தத்துவப்படி இதுவே பொருத்தம். எல்லா நாட்டிலும் கிடைப்பதில்லை. எடைக்கு எடை டி3-ஐவிடப் பல மடங்கு வீரியமானது, டி3-யின் கணக்கை இதற்குப் போடக் கூடாது.

கால்சிட்ரியால் என்பது மேலே சொன்ன 1,25-டைஹைட்ராக்சி செயல் வடிவம். கடும் செப்சிஸில் 67 பேருக்கு நடந்த ஆய்வில் 2 மைக்ரோகிராம் நரம்பு வழி கொடுத்தபோது, கிருமி எதிர்ப்புப் புரதமான கதலிசிடினின் மரபுச் செய்தி (எம்ஆர்என்ஏ) உயர்ந்தது, ரத்தத்தில் அந்தப் புரதத்தின் அளவு உயரவில்லை. சேமிப்பை நிரப்பவும் இது உதவாது. சிறுநீரகம் செயலிழந்து கால்சியம் விடாமல் குறையும்போது இதற்கு ஓர் இடம் உண்டு, வைட்டமின் டி குறைபாட்டுக்கு இல்லை. ‘வைட்டமின் டி’ என்று மட்டும் மருந்துச்சீட்டில் எழுதினால், 0.25 மைக்ரோகிராம் கால்சிட்ரியால் மாத்திரை கைக்கு வருவதும், அதற்கு டி3 கணக்கில் எண்ணிக்கை போடுவதும் நடக்கக்கூடியவை. பெயரை முழுதாக, அளவை அலகில், எத்தனை தடவை என்பதை எழுத்தில் எழுதுங்கள்.

இரண்டு நோயாளிகள்

72 வயது, வலிப்புக்கு ஃபெனிடாயின் பல வருடம், ஆறு மாதமாகப் படுக்கை, இடுப்பெலும்பு முறிந்து அறுவை, பிறகு நிமோனியா, வெண்டிலேட்டர் என்று வைத்துக்கொள்வோம். முதல் ரத்தத்தில் அளவு 6, அயனிக் கால்சியம் 1.02, மெக்னீசியமும் குறைவு, குழாய் உணவு தடையில்லாமல் போகிறது. இவருக்கு மெக்னீசியத்தைச் சரிசெய்து, கால்சியத்தைக் கவனித்து, பெரிய அளவைக் கொடுத்துத் தினசரியில் தொடரலாம். நிமோனியா இதனால் சீக்கிரம் குணமாகும் என்று எதிர்பார்த்துக் கொடுப்பதல்ல இது. எலும்புக்கும் தசைக்கும் கால்சியத்துக்கும் எப்படியும் தேவையானதை, சேதம் வராத வழியில் முன்னதாகவே தொடங்குகிறோம்.

மற்றொருவர் 38 வயது, முன்பு ஆரோக்கியமானவர், சிறுநீர்த் தொற்றிலிருந்து செப்சிஸ், நான்கு லிட்டர் ஏற்றிய பிறகு எடுத்த ரத்தத்தில் 16. இவருக்குப் பெரிய அளவு எதுவும் வேண்டாம். ஆன்டிபயாடிக் நேரத்துக்குப் போகிறதா, தொற்றின் மூலத்தில் அடைப்பு இருக்கிறதா, உணவு முழு அளவில் சேர்கிறதா என்பதில் அந்தக் கவனத்தைச் செலவிடுங்கள். குணமாகி வீடு திரும்பி இரண்டு, மூன்று மாதம் கழித்து, அழற்சி அடங்கிய பின் அளந்தால் உண்மை எண் கிடைக்கும்.

தொடக்கத்தில் சொன்ன 11 இந்த இருவருக்கும் நடுவில் விழுகிறது. மாதிரி எப்போது எடுத்தது, முன்பு காரணம் இருந்ததா, கால்சியம் எப்படி, குடல் எப்படி என்ற நான்கு கேள்விக்கும் பதில் சாதகமாக இருந்தால் கொடுக்கலாம். ஒன்றிலாவது சந்தேகம் இருந்தால் தினசரி அளவோடு நிறுத்தி, மறுபடி அளக்கும் தேதியைக் குறித்துவையுங்கள். சிறுநீரகம் தடுமாறும் நாளில் அவசரப்பட ஒரு காரணமும் இல்லை, முதல் வாரம் முழுவதும் அவகாசம் இருக்கிறது.

வார்டுக்கு மாற்றும்போது நான்கு விவரங்கள் கடிதத்தில் இருக்க வேண்டும். முதலில் வந்த அளவும் அதன் அலகும், கொடுத்த மொத்த அலகும் தேதியும், கடைசி அயனிக் கால்சியம், இனி தினம் எவ்வளவு. பழைய ‘குறைவு’ அறிக்கை கோப்பில் அப்படியே இருக்கும். கொடுத்த விவரம் இல்லாவிட்டால் வார்டில் ஒருவரும், வெளிநோயாளர் பிரிவில் இன்னொருவரும் அதைப் பார்த்து மறுபடி வாரம் 60,000 என்று தொடங்குவார்கள். கால்சியம் ஏறி, வாந்தியும் குழப்பமுமாக அவர் திரும்பி வரும்போது யாருக்கும் காரணம் சட்டென்று தெரியாது.